ஒரு சாண் தண்ணீர்

புதுச்சேரியிலேயே பிறந்து வளர்ந்தும், ஐம்பது வயதுவரை அரியாங்குப்பம் ஆற்றை நான் பாலத்தின் மேலிருந்துதான் பார்த்திருக்கிறேன். கடலூர் சாலையில் முருங்கப்பாக்கத்தைத் தாண்டியதும் பேருந்து பாலத்தில் ஏறும். இடப்பக்கச் சன்னலோரம் இடம் கிடைத்திருந்தால் கொஞ்சம் தண்ணீர், கொஞ்சம் பச்சை, ஒற்றைக்காலில் நிற்கும் ஒரு கொக்கு தெரியும். அப்புறம் நாற்றம் வரும். கைக்குட்டையை எடுப்பதற்குள் பாலம் முடிந்து அரியாங்குப்பம் வந்துவிடும்.

அந்த ஆற்றில் இறங்கித் துடுப்புப் போடும் ஆசையை எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்தவன் என் மைத்துனன். பெங்களூரில் வேலை. யாரோ விற்கிறார்கள் என்று பழைய கயாக் ஒன்றை வாங்கி, அங்கே வைக்க இடமில்லாமல் எங்கள் வீட்டு மாடியில் கொண்டுவந்து கவிழ்த்துவிட்டுப் போனான். இரண்டு பேர் உட்காரும் பிளாஸ்டிக் படகு. 12 அடி நீளம், 35 கிலோ எடை. ஒரு கோடை முழுக்க என் மனைவி அதன் முதுகில் துணி விரித்து வடகம் பிழிந்தாள். படகு வாங்கிய பயன் அதோடு தீர்ந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் தினமும் துணி காயப்போட மாடிக்குப் போகும்போதெல்லாம் அது கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது.

ஆறு என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. செஞ்சிப் பக்கத்து மலைகளிலிருந்து வரும் சங்கராபரணி, வில்லியனூரைக் கடந்து கடலை நெருங்கும்போது இரண்டாகப் பிரிகிறது. தெற்கே போவது சுண்ணாம்பாறு; அங்கே படகுக் குழாம், சுற்றுலாக் கூட்டம். வடக்கே வருவது அரியாங்குப்பம் ஆறு. அதன் வாயருகே தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகம். உள்ளே கண்டல் செடிகள், சேற்றுத் திட்டுகள், தென்கரையில் அரிக்கமேடு. பெயர்தான் ஆறு. மழைக்காலத்தை விட்டுவிட்டால் கடல்நீர் உள்ளே வந்து சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிற கழி அது. இந்த ஒரு விஷயம் எனக்கு அப்போதே புரிந்திருந்தால் இந்தக் கட்டுரை பாதியாகச் சுருங்கியிருக்கும்.

நான் அலுவலகத்தில் கோப்பு எழுதுகிறவன். எதையும் கட்டம் போட்டுத்தான் யோசிப்பேன். கைப்பேசியில் விண்ணிலிருந்து எடுத்த படத்தைப் பெரிதாக்கி, ஆற்றின் வளைவுகளை விரலால் அளந்தேன். வீராம்பட்டினத்தின் பின்பக்கக் கழிக்கரையில் இறங்கி, அரிக்கமேடு வழியாகக் கடலூர் சாலைப் பாலம்வரை போய்த் திரும்பினால் கூட்டிக் கழித்து 7 கிலோமீட்டர். நிதானமாகத் துடுப்புப் போட்டாலும் மணிக்கு 4 கிலோமீட்டர் வரும் என்று மைத்துனன் சொன்னான். இடையில் இளைப்பாற ஒரு மணி நேரம் சேர்த்தால் மூன்று மணி நேரம். காலை ஏழுக்கு இறங்கினால் பத்துக்குக் கரை. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடுகூடத் தப்பாது.

வெள்ளைத்தாளில் பட்டியல் எழுதினேன். தொப்பி, துண்டு, கேமரா, பைனாகுலர், புளிச்சோறு, வறுத்த வேர்க்கடலை, தண்ணீர். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. தண்ணீர் என்று அதில் ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது. அதுவும் குடிக்கிற தண்ணீர்.

“அரை நாள் சுத்திட்டு வர ஆறு நாளா கணக்குப் போடுறீங்க” என்றாள் மனைவி. அம்மா நாள்காட்டியைப் பார்த்துவிட்டு, “ஞாயித்துக்கிழமை அட்டமிடா. அன்னிக்குப் புதுசா எதையும் ஆரம்பிக்காதே” என்றார். நான் சிரித்தேன். ராகுகாலம் பார்க்காமல் கல்யாணம் செய்துகொண்டவனிடம் வந்து அட்டமி என்கிறாரே! அம்மா சொன்னது முழுக்கச் சரி. காரணம்தான் வேறு. அது எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

மாசி மாதம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, வெயில் இன்னும் சூடு பிடிக்காத நாட்கள். பருவத்தை மட்டும் தற்செயலாகச் சரியாகப் பிடித்திருந்தோம். ஏழு மணிக்குச் சரக்கு ஆட்டோவிலிருந்து படகை இறக்கி நீரில் விட்டபோது கழி கண்ணாடியாகக் கிடந்தது. முன்னால் மைத்துனன், பின்னால் நான். பத்தாவது நிமிடமே தோள் கனத்தது. வயது என்று நினைத்துக்கொண்டேன். வயதில்லை. நீர் கடலை நோக்கி வடிந்துகொண்டிருந்தது. நாங்கள் அதற்கு எதிராக மேலே ஏறிக்கொண்டிருந்தோம். வடியும் நீர் சத்தம் போடாது. கரையோரச் செடிகளின் தண்டில் ஈரம் ஒரு விரற்கடை மேலே தெரியும், பிறகு இரண்டு விரற்கடை. அதைப் பார்க்கத் தெரிந்தவனுக்கு அது கடிகாரம். நான் பைனாகுலரில் செம்பருந்து தேடிக்கொண்டிருந்தேன்.

அரிக்கமேட்டைத் தாண்டி ஆறு ஓர் இடத்தில் வளைகிறது. வளைவைச் சுற்றிப் போவானேன் என்று உட்பக்கமாகக் குறுக்கே விட்டோம். நெடுஞ்சாலையில் பழகிய புத்தி. அடியில் ‘சர்ர்’ என்று பட்டுப்புடவை உரசுவதுபோல ஒரு சத்தம். படகு நின்றது. துடுப்பை ஊன்றித் தள்ளினால் துடுப்பு இறங்கிக்கொண்டே போனது, படகு அசையவில்லை. தரை தட்டிவிட்டது. மணி எட்டேகால்.

“இறங்கித் தள்ளலாம் மாமா” என்று மைத்துனன் சொல்ல, வீரமாக வலது காலை வைத்தேன். முழங்கால்வரை போயிற்று. கழிச்சேறு களிமண்ணும் இல்லை, மணலும் இல்லை; கூழ் மாதிரி வாங்கிக்கொண்டு, எடுக்கும்போது கல் மாதிரி பிடித்துக்கொள்ளும். இரண்டு கையாலும் படகைப் பிடித்துக் காலை உருவினேன். கால் வந்தது, செருப்பு வரவில்லை. கணுக்காலுக்கு மேல் ஒரு சிப்பி ஓடு கீறி ரத்தம் கசிந்தது. அதற்குப் பிறகு இருவரும் இறங்குவதைப் பற்றிப் பேசவில்லை.

கால் மணி நேரத்தில் எங்களைச் சுற்றி இருந்த நீர் கொஞ்சம் கொஞ்சமாக விலகி, படகு ஒரு சேற்று மைதானத்தின் நடுவில் உட்கார்ந்திருந்தது. ஒற்றைக் கொடுக்கு பெருத்த சின்ன நண்டுகள் வளைகளிலிருந்து வெளியே வந்து கொடுக்கை ஆட்டின. உளுவை மீன்கள் சேற்றின்மேல் தாவின. பத்தடி தள்ளி ஓர் உள்ளான் குருவி எங்களைப் பொருட்படுத்தாமல் சேற்றைக் குத்திக்கொண்டிருந்தது. பைனாகுலர் தேவைப்படவில்லை.

சற்று நேரத்தில் வீச்சுவலையைத் தோளில் போட்டபடி ஒருவர், அந்தச் சேற்றிலேயே தனக்கு மட்டும் தெரிந்த ஒரு வழியில், தார்ச்சாலையில் நடப்பவர்போல வந்தார்.

“இன்னா சார், மாட்டிக்கினீங்களா?”

“தண்ணி எப்ப வரும்ணே?”

“போன தண்ணி வராம எங்க போவும்? பதினோரு மணிக்கு மேல பாருங்க.” இரண்டு அடி போனவர் திரும்பிப் பார்த்து, “அட்டமில யாருனா கழிக்கு வருவாங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

அம்மாவும் அதையேதான் சொன்னார் என்று மைத்துனனிடம் சொல்லவில்லை.

மூன்று மணி நேரம். வேர்க்கடலை முதல் அரை மணியில் தீர்ந்தது. எதிரே தென்னைகளுக்கு இடையில் அரிக்கமேட்டின் கரை. அவனுக்கு அந்த இடத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. எனக்கோ பேச ஆள் கிடைத்தால் போதும். 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அங்கே குழி வெட்டி இத்தாலியின் அரெசோ நகரத்துச் சிவப்பு மட்கலத் துண்டுகளையும் மதுச்சாடித் துண்டுகளையும் எடுத்தது, அந்த மட்கலத்தின் காலத்தை வைத்துத் தென்னிந்தியத் தொல்லியலுக்கே ஒரு கால அளவுகோல் கிடைத்தது, அவருக்குப் பின் கசால் வந்தது, 1989 முதல் விமலா பெக்லி குழுவினர் மறுபடி தோண்டியது எல்லாவற்றையும் சொன்னேன். அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “ரோம்லேருந்து வந்த கப்பலு இந்தத் தண்ணியிலயா மாமா வந்துச்சு?” என்றான்.

நல்ல கேள்வி. பெரிய கப்பல் கடலிலேயே நங்கூரம் போட்டிருக்கும், சரக்கு சின்னப் படகுகளில் உள்ளே வந்திருக்கும் என்பது என் எண்ணம். பிரெஞ்சுக்காரர் காலத்திலும் புதுச்சேரியில் அப்படித்தானே? கப்பல் ஆழத்தில் நிற்கும். சலங்குப் படகுதான் அலையைத் தாண்டிச் சரக்கையும் ஆளையும் கரை சேர்க்கும். அந்தச் சின்னப் படகை ஓட்டியவனுக்கு ஓதம், அதாவது கடல்நீர் ஏறி வற்றும் கணக்கு, தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவன் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னும் இதே வளைவில்தான் உட்கார்ந்திருப்பான்.

பிறகு லெ ஜாந்தி கதையைச் சொன்னேன். சூரியனின் குறுக்கே வெள்ளிக்கோள் கடப்பதைப் பார்க்கப் பிரான்சிலிருந்து புதுச்சேரிக்குக் கிளம்பிய வானியலாளர். 1761இல் அவர் வந்து சேருமுன் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. குறித்த நாளில் நடுக்கடலில் ஆடும் கப்பலில் நின்றார்; கணக்குக்கு உதவாத பார்வை. அடுத்த தடவை எட்டு ஆண்டு கழித்துத்தான். ஊர் திரும்பாமல் இந்தியப் பெருங்கடல் பக்கமே காத்திருந்தார். 1769 ஜூன் 4ஆம் தேதி விடியற்காலை, புதுச்சேரியில், கருவிகள் எல்லாம் தயார். மேகம் வந்து சூரியனை மூடியது. வெள்ளி கடந்து முடித்த பிறகு மேகம் விலகியது. பிரான்சுக்குத் திரும்பினால் அங்கே அவர் செத்துவிட்டதாக முடிவுகட்டி வாரிசுகள் சொத்தைப் பிரிக்கத் தொடங்கியிருந்தார்கள். இந்த வீராம்பட்டினக் கரையின் பழைய செங்கற்களைப் பற்றி எழுதி வைத்தவர்களில் அவரும் ஒருவர்.

“எட்டு வருஷம் பிளான் பண்ணவரே அப்படி. நாம ஆறு நாள்தானே மாமா” என்றான் மைத்துனன். அவன் நல்லவன். என்னைத் தேற்றத்தான் சொன்னான். ஆனால் அது சரியில்லை. மேகத்தை யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது. ஓதத்தை வீராம்பட்டினத்தில் எந்தப் பிள்ளையும் சொல்லியிருக்கும்.

பதினொன்றேகாலுக்குப் படகு லேசாக ஆடியது. அவ்வளவுதான் அறிகுறி. நீர் வந்தபோது கூடவே இன்னொன்றும் வந்தது: கடற்காற்று. தரை சூடேறிய பிறகு கிழக்கிலிருந்து எழும் காற்று. நாங்கள் திரும்ப வேண்டிய திசையும் கிழக்கு. ஏறும் நீரும் எதிர், காற்றும் எதிர். படகை வெட்டவெளியில் விட்டால் மூக்கு தானாகப் பக்கவாட்டில் திரும்பியது. கண்டல் செடிகளின் ஓரமாக ஒண்டி ஒண்டி, கரை சேர்ந்தபோது மணி ஒன்றேகால். ஒற்றைச் செருப்போடு வீட்டுக்குள் நுழைந்தேன். அம்மா எதுவும் கேட்கவில்லை. நாள்காட்டியை மட்டும் ஒரு தடவை பார்த்தார்.

அடுத்த வாரம் பள்ளித் தோழன் ஒருவனின் அப்பாவைப் பார்க்க வீராம்பட்டினம் போனேன். எழுபது தாண்டியவர். கடலுக்குப் போவதை விட்டு, வீட்டுத் திண்ணையில் வலை பொத்திக்கொண்டிருந்தார். சின்ன வயதிலிருந்தே அவர் எனக்குப் பெரியப்பா. கதையைக் கேட்டுக் கடைவாயில் சிரித்துவிட்டு, “நீ எத்தினி மைலு போவணும்னு கணக்குப் போட்ட. எத்தினி தண்ணி இருக்கும்னு போட்டியா?” என்றார்.

அவருடைய கணக்கு இது. அமாவாசையிலும் பருவத்திலும் காலை எட்டு, எட்டரைவாக்கில் முகத்துவாரத்தில் நீர் ஏறி நிற்கும். பருவம் என்றால் பௌர்ணமி. அங்கிருந்து நாளுக்கு இரண்டு நாழிகை தள்ளிக்கொண்டே போகும். எட்டாம் நாள் வரும்போது ஏறுகிற நேரம் மதியம் இரண்டரைக்குப் போய்விடும். காலை எட்டரை வற்றுகிற நேரமாகிவிடும். அதுமட்டுமில்லை, அட்டமி நவமியில் ஓதமே சோம்பல். ஏற்றமும் அரைகுறை, வற்றமும் அரைகுறை. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாழிகை 24 நிமிடம். இரண்டு நாழிகை 48. நிலவை வைத்துப் புத்தகங்கள் சொல்லும் கணக்கு நாளுக்குச் சுமார் 50 நிமிடம். இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் ஓத அட்டவணை போடுகிறது, கைப்பேசியிலும் இப்போது கிடைக்கிறது. இருந்தாலும் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரே போதும் என்பது எனக்குப் பெரிய கண்டுபிடிப்பாக இருந்தது.

“முகத்துவாரத்துல ஏறின தண்ணி உள்ள வர முக்கா மணி ஆவும். அதையும் சேத்துக்க” என்றார். பிறகு என்னை அழைத்துக்கொண்டு கழிக்கரைக்கு நடந்து வந்து, பாதி உடைந்த ஒரு படித்துறையைக் காட்டினார். “மூணாவது படி முங்கியிருந்தா பாலம் வரைக்கும் போ. படி தெரிஞ்சா வூட்டுக்குப் போ.”

“எங்க படகுக்கு எவ்வளவு தண்ணி வேணும் பெரியப்பா?”

“ரெண்டு பேரு குந்தினா ஒரு சாண். ஆனா ஒரு சாண் எங்க இருக்குதுன்னு தெரியணும்ல?”

அதையும் சொல்லித் தந்தார். வளைவில் வெளிப்பக்கக் கரையை ஒட்டிப் போ. நீர் அங்கேதான் அறுத்துப் பள்ளம் பண்ணும், உட்பக்கம் மண்ணைக் கொண்டுவந்து கொட்டும். மற்ற இடமெல்லாம் வழவழப்பாக இருக்க, ஓரிடத்தில் மட்டும் நீர் சிலிர்த்தால் அங்கே திட்டு. கொக்கு நிற்கிற இடத்தில் ஆழம் கொக்கின் கால் அளவுதான். தட்டிவிட்டால் இறங்காதே, இருவரும் பின்னால் சாய்ந்து, வந்த வழியே துடுப்பால் இழு. நீர் ஏறும்போது தட்டினால் கவலை இல்லை, அதுவே தூக்கிவிடும். வடியும்போது தட்டினால் சோற்று மூட்டையைப் பிரி. முகத்துவாரத்துப் பக்கம் தலையே வைக்காதே. வடியும் நீர் வேகமாக இழுக்கும், துறைமுகத்துக்குப் போய்வரும் விசைப்படகின் அலை சின்னப் படகைக் கவிழ்க்கும்.

ஓதம் ஞாயிற்றுக்கிழமை பார்த்து வராது. அடுத்த அமாவாசைக்கு மறுநாள் புதன்கிழமையாக இருந்தது. அரை நாள் தற்செயல் விடுப்பு எழுதினேன். இந்த முறை கணக்கைப் பின்னாலிருந்து போட்டேன். மதியம் ஒன்றரைக்கு நாற்காலியில் இருக்க வேண்டும். குளியல், சாப்பாடு, பயணம், படகைக் கழுவி ஏற்றுவது எல்லாம் சேர்த்து இரண்டரை மணி நேரம். ஆக பதினொரு மணிக்குக் கரை. காற்று எழுவதற்கும் அதுவே எல்லை. உள்ளே நீர் ஏறி நிற்பது ஒன்பதேமுக்கால் வாக்கில். ஏழேகாலுக்கு இறங்கினால் ஏறும் நீரே மேலே தள்ளிக்கொண்டு போகும். நின்ற நீரில் திரும்பினால் வடியும் நீர் கொண்டுவந்து விடும். பட்டியலும் மாறியது. பைனாகுலர் போயிற்று. லைஃப் ஜாக்கெட் இரண்டு, பின்வார் வைத்த செருப்பு, பத்து மீட்டர் கயிறு, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், நீர் இறைக்க அடி நறுக்கிய பிளாஸ்டிக் புட்டி, விசில். கைப்பேசி, இரட்டை உறையில். புளிச்சோறு மட்டும் மாறவில்லை.

புதன்கிழமை காலை மூன்றாவது படி தெரியவில்லை.

நன்றாக நடந்த பயணத்தைப் பற்றி எழுத அதிகம் இருப்பதில்லை. துடுப்பைத் தூக்கி மடியில் வைத்தாலும் படகு போய்க்கொண்டே இருந்தது. அரிக்கமேட்டுக் கரையில் 18ஆம் நூற்றாண்டுக் குருமடத்தின் செங்கல் சுவர் வேர்கள் பிடித்து நிற்பதைத் தண்ணீரிலிருந்து வந்தபடி பார்த்தோம். கண்டல் கிளைகளுக்கு அடியில் ஒரு சின்ன வாய்க்கால் திறந்திருந்தது. குனிந்து உள்ளே போனால் பகலிலேயே அரையிருட்டு, வேர்களில் சிப்பிகள் ஒட்டி, எங்கோ நீர் சொட்டும் ஒலி. போன தடவை இதெல்லாம் வெறும் சேறாகக் கிடந்திருக்கும். மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்த அந்த இடத்தைக் கடந்ததே எனக்குத் தெரியவில்லை. மைத்துனன்தான் திரும்பி, “மாமா, உங்க செருப்பு இங்கதான் கீழ இருக்கு” என்றான்.

பாலத்தை நெருங்கும்போது நாற்றம் வந்தது. பேருந்திலிருந்து முகர்ந்த அதே நாற்றம், ஆனால் இங்கே கைக்குட்டை எடுத்து முடிப்பதற்குள் அது முடியாது. கழிவுநீர் கறுப்பாகக் கலக்கும் இடம் கண்ணுக்கே தெரிந்தது. வேர்களில் பாலிதீன் பைகள் துணி காயப்போட்டதுபோல, ஓதம் ஏறிய மட்டத்துக்கு வரிசையாகத் தொங்கின. ஊரே சேர்ந்து போட்டவை. நானும் அந்த ஊர்தான். பாலத்துக்கு அடியில் போய்த் தலையை நிமிர்த்தினேன். மேலே பேருந்து ஒன்று தடதடத்துப் போனது.

பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் படித்துறையில் முட்டினோம். ஒன்றே கால் மணிக்கெல்லாம் நாற்காலியில் இருந்தேன். பக்கத்து மேசைக்காரர் மட்டும், “என்ன சார், சேத்து வாசனை அடிக்குது?” என்றார்.

அதற்குப் பிறகு பதினோரு தடவை போய்விட்டேன். அட்டமியில் ஒருமுறையும் போகவில்லை. அம்மாவுக்கு அதில் மிகுந்த திருப்தி. அடுத்த அமாவாசை திங்கட்கிழமை. செவ்வாய்க்கு அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தாயிற்று. காரணம் என்ற கட்டத்தில் ‘சொந்த வேலை’ என்று போட்டிருக்கிறேன்.